ரத்தக்குழாய் ஆராய்ச்சியில் இன்ஜினியருக்கு என்ன வேலை? (பிஎச்.டி. சேரலாமா என்று யோசிக்கிறேன்)

குழாய்க்கணக்கு:

வணக்கம். மெக்கானிக்கல் படித்தவன். கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் சிஎஃப்டி (திரவ ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடுவது) வேலை. இம்பெல்லருக்குள் (பம்பில் சுழலும் சக்கரம்) தண்ணீர் எப்படிச் சுழல்கிறது, எந்த இடத்தில் அழுத்தம் விழுந்து குமிழ் கிளம்பித் தகட்டை அரிக்கிறது, தினமும் இதே கதைதான்.

இப்போது ஒரு பயாலஜி லேபில் பிஎச்.டி. இடம் கிடைக்கும் போலிருக்கிறது. ரத்தக்குழாய் அடைப்பு பற்றிய லேப். பேசப் போனபோது பேராசிரியர் அன்பாகத்தான் பேசினார். ஆனால், "செல் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் ஃப்ளோ படம் போட்டுக் கொடுத்தால் போதும்" என்றார். அது உறுத்துகிறது. சிவப்பும் நீலமுமாக ஒரு படம் போட்டுக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் ஒட்டுவதற்கு வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டுமா?

இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள். இன்ஜினியர் உள்ளே வந்ததால் ஒரு கேள்விக்கு விடையே மாறிய கதை ஏதாவது உண்டா? சும்மா உதவிக்கு நின்ற கதை வேண்டாம்.

நேர்வழி:

சேராதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) இப்படித்தான் ஒரு பொறியாளரைச் சேர்த்தார்கள். சிரிஞ்ச் பம்பு ரிப்பேருக்கு அவர், மைக்ராஸ்கோப் மேஜை ஆடினால் அவர், ஏசி ஓடாவிட்டாலும் அவர். தீசிஸ் கொடுத்தபோது பயாலஜி தேர்வாளர் "இவ்வளவு கணக்கு எதற்கு" என்று கேட்டார். மெக்கானிக்கல் தேர்வாளர் "இதில் புதுச் சமன்பாடு எங்கே" என்று கேட்டார். இரண்டு வீட்டுக்கும் விருந்தாளி, எந்த வீட்டிலும் சாப்பாடு இல்லை. பல்துறை ஆராய்ச்சி என்பதெல்லாம் நிதி விண்ணப்பத்தில் பக்கம் நிரப்பத்தான்.

பழைய_வாத்தியார்:

நேர்வழி சொல்வது நடக்கிறதுதான், மறுக்கவில்லை. ஆனால் துறையின் அடிப்படையைப் பார்த்தால் கதை வேறு. குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகக் குறையும் என்ற பாய்சொய் விதியைத் தம்பி கம்பெனியில் எத்தனை முறை போட்டிருப்பார்! அந்தப் பாய்சொய் ஒரு மருத்துவர். நுண்குழாய்களில் ரத்தம் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அவர் கண்ணாடி நுண்குழாய்களில் தண்ணீரை ஓட்டி அளந்தார். ரத்தத்தையே ஓட்டினால் உறைந்துபோகும், அந்தக் காலத்தில் அதற்கு மருந்து கிடையாது. 1840 வாக்கில் வந்த விதி.

ஆனால் அது சீராக ஓடும் திரவத்துக்கான விதி. இதயம் துடித்துத் துடித்துத் தள்ளுகிறதே, அதற்கு என்ன செய்வது? லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் டொனால்ட் மெக்டொனால்ட் என்ற உடலியங்கியலாளர் தமனிகளில் அளந்து அளந்து வைத்திருந்தார். அதற்குக் கணக்குப் போட்டுத் தந்தவர் கணிதவியலாளர் ஜான் வோமர்ஸ்லி, 1955இல். துடித்து ஓடும் திரவத்தின் போக்கைச் சொல்ல தம்பி பயன்படுத்தும் வோமர்ஸ்லி எண் அங்கே பிறந்ததுதான். (ஒரு கிளைக்கதை: இதே வோமர்ஸ்லிதான் அதற்கு முன்னால் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் கணிதப் பிரிவுத் தலைவராக இருந்து ஆலன் டூரிங்கைக் கணினி கட்ட வேலைக்கு எடுத்தவர்.)

1966இல் இம்பீரியல் கல்லூரியில் காலின் கேரோ என்ற மருத்துவரும், விமான இரைச்சல் கணக்கில் பெயர் வாங்கிய ஜேம்ஸ் லைட்ஹில்லும் சேர்ந்து இதற்கென்றே ஒரு பிரிவு தொடங்கினார்கள்.

குழாய்க்கணக்கு:

ஐயா, வோமர்ஸ்லி எண் தெரியும், அது ஆஸ்பத்திரியில் பிறந்தது என்று இன்றுதான் தெரியும். ஆனால் இது கணக்குக்குப் பயாலஜி தந்த பரிசு. எனக்கு எதிர்த்திசையில் வேண்டும்.

செல்வி_எண்டோ:

எதிர்த்திசையில் ஒன்று சொல்கிறேன். நான் எண்டோதீலியல் செல்களோடு வேலை பார்க்கிறவள். ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒற்றை அடுக்காகப் படிந்திருக்கும் செல்கள் அவை.

மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் காரணமான கொழுப்புத் திட்டு உடம்பு முழுக்கச் சமமாக வருவதில்லை. கிளை பிரியும் இடம், வளைவு, கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் உள்ள புடைப்பு, இங்கெல்லாம்தான் வரும். கொலஸ்ட்ரால் ஒரே ரத்தத்தில்தான் ஓடுகிறது, பின் ஏன் இடம் பார்த்து வருகிறது?

1968இல் டொனால்ட் ஃப்ரை என்ற ஆய்வாளர் நாய்களின் பெருந்தமனியைச் செயற்கையாகக் குறுக்கி ரத்த வேகத்தைக் கூட்டிப் பார்த்தார். செல்கள் உரிந்தன. ஆகவே அதிக ஷியர் ஸ்ட்ரெஸ், அதாவது ஓடும் ரத்தம் சுவரை உரசி இழுக்கும் விசை, அதுதான் குற்றவாளி என்று தோன்றியது. மறுவருடமே வாத்தியார் ஐயா சொன்ன கேரோவும் குழுவினரும் நேர் எதிராகச் சொன்னார்கள்: ஷியர் குறைவாக இருக்கும் இடத்தில்தான் ஆரம்பத் திட்டு வருகிறது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. பல வருடம் இழுத்தது.

முடிவுக்கு வந்தது எப்படி? சிகாகோவில் சர்ஜன் ஜாரின்ஸ், நோய்க்குறியியலாளர் கிளாகோவ். ஜார்ஜியா டெக்கில் டான் கிடென்ஸ் என்ற விண்வெளிப் பொறியாளர். பிரேதப் பரிசோதனையில் கிடைத்த 12 கழுத்துத் தமனிகளை எடுத்தார்கள். சுருங்கிக் கிடந்தால் அளவு தப்பும் என்று, உயிரோடிருந்தபோது இருந்த அளவுக்கு விரித்து அப்படியே பதப்படுத்தினார்கள். ஐந்து மட்டங்களில் குறுக்காக வெட்டி, ஒவ்வொரு வெட்டிலும் 15 டிகிரிக்கு ஒரு தடவை சுவரின் தடிமனை அளந்தார்கள். அதே வடிவத்தில் மாதிரிக் குழாய் செய்து, திரவம் ஓட்டி, லேசர் டாப்ளரால் (லேசர் ஒளியைக் கொண்டு ஓட்ட வேகத்தை அளக்கும் முறை) அதே ஐந்து மட்டங்களில் வேகத்தை அளந்தார்கள். பிறகு இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். புடைப்பின் வெளிச்சுவரில் ஷியர் குறைவு, திட்டு தடிமன். ரத்தம் நேராக மோதிப் பிரியும் முனையில் ஷியர் அதிகம், திட்டு மிகக் குறைவு. 1983இல் வெளிவந்தது. துடிப்போடு ஓட்டிப் பார்த்த வேலை 1985இல் வந்தது. ஓட்டம் முன்னும் பின்னும் திசை மாறி அலையும் இடமே மோசம் என்று அதில் தெரிந்தது.

இதில் யார் யாருக்கு உதவிக்கு நின்றது? சர்ஜன் வெட்டிய அதே மட்டத்தில் இன்ஜினியர் அளக்கவில்லையென்றால் இரண்டு அட்டவணையும் ஒட்டாது. எங்கே வெட்டுவது என்று இருவரும் முதலிலேயே பேசிவைத்திருக்க வேண்டும். அதனால் தம்பி, படம் போடுவதற்கு முன்னால் எங்கே வெட்டப்போகிறார்கள் என்று கேளுங்கள். உங்களைப் பிறகு கூப்பிடுவதாகச் சொன்னால் அந்த லேப் வேண்டாம்.

சாமானியன்:

படிக்க நன்றாக இருக்கிறது மேடம். எளிமையாகச் சொன்னால் ஆற்று வளைவில் தண்ணீர் மெதுவாகப் போகும் பக்கம் மணல் ஒதுங்குவதைப் போல, ரத்தம் மெதுவாகப் போகும் பக்கம் கொழுப்பு ஒதுங்குகிறது. சரியா?

தமனி_மதுரை:

ரத்தக்குழாய் சர்ஜன். இல்லை சாமானியன் சார், பேஷண்டுகளும் இப்படித்தான் நினைக்கிறார்கள். "குழாயைக் கழுவிவிட முடியாதா டாக்டர்" என்று கேட்பார்கள். திட்டு சுவரின் மேல் படிவதில்லை, சுவருக்குள்ளே வளர்கிறது. மேலே செல் அடுக்கு மூடியிருக்கும். ரத்தக் கொழுப்பு அந்த அடுக்கைத் தாண்டி உள்ளே போய், வெள்ளணுக்கள் பின்னாலேயே நுழைந்து, அங்கே ஒரு நீண்டகால அழற்சி நடக்கிறது.

இன்னொன்று. செல்வி சொன்ன அதே கிளாகோவ் 1987இல் இதயத் தமனிகளைப் பார்த்துச் சொன்னது: திட்டு வளர வளரத் தமனி வெளிப்பக்கமாக விரிந்து கொடுக்கிறது. திட்டு சுமார் 40 சதவீத இடத்தைப் பிடிக்கும்வரை உள்வழி குறுகுவதே இல்லை. அதனால் ஆஞ்சியோ படத்தில் "நார்மல்" என்று வந்த குழாயிலும் நோய் இருக்கலாம். ஆற்றங்கரைக்கு உயிர் இல்லை. குழாய் உயிருள்ளது, தன்மேல் விழும் விசையை உணர்ந்து தன் அளவை மாற்றிக்கொள்கிறது. பம்பு கம்பெனித் தம்பிக்கு இதுதான் பெரிய மாற்றமாக இருக்கும்: உங்கள் பைப் உங்களுக்குப் பதில் சொல்லாது, எங்களுடையது சொல்லும்.

குழாய்க்கணக்கு:

டாக்டர், அப்படியென்றால் விசை எப்படிச் செல்லுக்குத் தெரிகிறது?

செல்வி_எண்டோ:

அதுவும் இரண்டு பேர் சேர்ந்ததில் வந்த கதைதான். எம்ஐடி மெக்கானிக்கல் பேராசிரியர் ஃபோர்ப்ஸ் டூயி, பாஸ்டனில் நோய்க்குறியியலாளர் மைக்கேல் கிம்ப்ரோன். தட்டில் செல்களை வளர்த்து, அதன்மேல் ஒரு தட்டையான கூம்பைச் சுழலவிட்டார்கள். கூம்பின் கோணத்தால் தட்டு முழுக்க ஏறக்குறைய ஒரே ஷியர் கிடைக்கும். 1981இல் வெளியானது. கூழாங்கல் பரப்பிய தரையாகத் தெரிந்த செல்கள் ஓரிரு நாளில் நீண்டு ஓட்டத்தின் திசையில் வரிசையாகப் படுத்துக்கொண்டன.

நீங்கள் கேட்ட "விடையே மாறிய" இடம் இதற்கு அடுத்தது. 2004இல் கிம்ப்ரோன் குழுவில் மனிதக் கழுத்துத் தமனியின் ஓட்டத்தைக் கணினியில் கணக்கிட்டு, திட்டு வராத இடத்து ஷியர் அலையையும் வரும் இடத்து அலையையும் தனித்தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அந்த இரண்டு அலைகளையும் மோட்டாருக்குக் கொடுத்துச் செல்களின்மேல் ஓட்டினார்கள். ஒரே செல், ஒரே ஊட்டத் திரவம், அலை மட்டும் வேறு. ஒரு பக்கம் அமைதியாக இருந்தது, மறுபக்கம் அழற்சிக்குத் தயாராக நின்றது. பாதுகாக்கும் அலையில் கேஎல்எஃப்2 என்ற ஜீன் தூக்கலாக வேலை செய்தது. பிறகு அந்த ஜீனைச் சுற்றி எத்தனையோ வேலைகள் வந்துவிட்டன.

இதில் சிமுலேஷன் கட்டுரையின் கடைசிப் படம் இல்லை. சோதனைக்குள் போகும் முதல் பொருளே அதுதான். உங்கள் பேராசிரியரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

நேர்வழி:

சரி, நல்ல கதைகள். எல்லாமே பாஸ்டன், சிகாகோ, லண்டன். அப்புறம் இவ்வளவு அறிந்தும் நோயாளிக்கு என்ன கிடைத்தது? இன்றைக்கும் பைபாஸுக்குக் காலிலிருந்து சிரையை உருவித்தானே போடுகிறார்கள்?

தமனி_மதுரை:

ஆமாம், உருவித்தான் போடுகிறோம். பெரிய குழாய்க்குச் செயற்கைக் குழாய் நன்றாக வேலை செய்கிறது. 1950களில் ஹூஸ்டனில் சர்ஜன் டிபேக்கி, ஜவுளிக்கடையில் நைலான் தீர்ந்துபோனதால் டேக்ரான் என்ற பாலியெஸ்டர் துணியை வாங்கி வந்து மனைவியின் தையல் மெஷினில் குழாய் தைத்தார். பிறகு தையல் இல்லாமல் குழாயாகவே பின்ன ஒரு நெசவுப் பொறியாளர் மெஷின் செய்து கொடுத்தார். இன்றும் பெருந்தமனியில் அந்த வழியில் வந்த துணிக் குழாய்தான் போடுகிறோம். ஆனால் 6 மி.மீட்டருக்குக் கீழே போனால் செயற்கைக் குழாய் அடைத்துக்கொள்கிறது. உறைவு ஒரு காரணம். தையல் போட்ட இடத்தில் சுவர் உள்பக்கமாகத் தடித்து வளர்வது இன்னொன்று. தமனி ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்குகிறது, செயற்கைக் குழாய் விறைப்பாக நிற்கிறது. இரண்டும் சேரும் இடம் காலம் முழுக்க இழுபடுகிறது. இது முழுக்க முழுக்க உங்கள் ஆட்களின் பிரச்சினை, எங்களால் தனியாகத் தீர்க்க முடியவில்லை.

செல்வி_எண்டோ:

ஒரு சின்னச் சோதனை, யார் வேண்டுமானாலும் செய்யலாம். கறிக்கடையில் ஆட்டின் பெருந்தமனி கேட்டு வாங்குங்கள். மோதிரம் மாதிரி ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போடுங்கள். வட்டமாகவே இருக்கும். இப்போது அந்த மோதிரத்தை ஒரு பக்கம் மட்டும் வெட்டுங்கள். தானாகத் திறந்து வாய் பிளந்து நிற்கும். உள்ளே ரத்த அழுத்தம் எதுவும் இல்லாதபோதும் சுவருக்குள் இறுக்கம் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். விமான இறக்கைக் கணக்கில் ஊறி, பிறகு சான் டியாகோவுக்கு வந்து உயிர் இயந்திரவியலையே வளர்த்த ஒய்.சி. ஃபங் இதை எடுத்துக்கொண்டு, சுவரில் விசை எப்படிப் பரவுகிறது என்ற கணக்கைத் திருத்தினார். கத்தியால் ஒரே ஒரு வெட்டு, அதற்குமுன் போட்ட கணக்குகளில் பல பழசாயின.

பழைய_வாத்தியார்:

நோயாளிக்கு என்ன கிடைத்தது என்று கேட்டீர்கள். லாரா நிக்லசன் மயக்க மருந்து மருத்துவர், உயிர் இயற்பியலில் பிஎச்.டி. வாங்கியவர். எம்ஐடியில் வேதிப் பொறியாளர் ராபர்ட் லாங்கரின் லேபில் சேர்ந்து, கரையக்கூடிய பாலிமர் குழாயில் மாட்டின் மென்தசைச் செல்களைப் பதித்தார். சும்மா வளர்த்தால் சுவர் பலவீனமாக வந்தது. அதனால் குழாயோடு பம்பை இணைத்து நிமிடத்துக்கு 165 துடிப்பு கொடுத்தார், கருவிலிருக்கும் குழந்தையின் இதயத் துடிப்பு அது. எட்டு வாரத்தில் உண்மைத் தமனியின் பலத்துக்கு அருகே வந்தது. 1999இல் வெளியானது.

அதன்பின் மனிதச் செல்களால் வளர்த்து, செல்களைக் கழுவி அகற்றிவிட்டு, மிஞ்சும் சட்டகத்தை மட்டும் யாருக்கும் பொருத்தலாம் என்ற நிலைக்கு அவருடைய கம்பெனி ஹ்யூமசைட் கொண்டுவந்தது. உக்ரைன் போரில் காயம்பட்டவர்களுக்கும் வைத்தார்கள். 2024 டிசம்பரில் கை, கால் தமனிக் காயங்களுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. குழாய் கிழியலாம் என்ற கடுமையான எச்சரிக்கையும் சீட்டில் உண்டு.

நேர்வழி:

25 வருடம்! தம்பிக்கு அதற்குள் ரிட்டயர்மென்ட் வந்துவிடும் 😀 சரி, நம் ஊரில்?

தமனி_மதுரை:

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவமனையைப் பாருங்கள். ஒரு பக்கம் ஆபரேஷன் தியேட்டர், இன்னொரு பக்கம் முழுப் பொறியியல் பிரிவு, இரண்டும் ஒரே நிறுவனம். சர்ஜன் வலியத்தான் தலைமையில் அங்கே செய்த செயற்கை இதய வால்வு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைக்கப்பட்டது. முதல் மாதிரிகள் தோற்று நான்காவதுதான் நின்றது. ரத்தக்குழாய் இல்லை, வால்வுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தோற்ற வால்வை சர்ஜனும் இன்ஜினியரும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்க முடிந்ததே, அதனால்தான் நான்காவது வரை போனார்கள்.

ஐஐடி மெட்ராஸ், வேலூர் சிஎம்சி, சித்திரை மூன்றும் சேர்ந்து கிளினிக்கல் இன்ஜினியரிங்கில் எம்.டெக். நடத்துகின்றன. மாணவர்கள் ஆஸ்பத்திரியிலேயே இருந்து பார்க்கிறார்கள். ஐஐடி மெட்ராஸில் செய்த ஆர்ட்சென்ஸ் என்ற கருவி, ஸ்கேன் படம் இல்லாமலேயே கழுத்துத் தமனி எவ்வளவு விறைத்திருக்கிறது என்று அல்ட்ராசவுண்டால் சொல்கிறது. இது அசல் ரத்தக்குழாய்.

சாமானியன்:

ஒரு சந்தேகம் டாக்டர். அம்மா டயாலிசிஸில் இருக்கிறார். கையில் ஃபிஸ்டுலா போட்டார்கள். அது "பழுக்கவில்லை" என்று மறுபடி போடச் சொல்கிறார்கள். இதுவும் நீங்கள் பேசும் விஷயம்தானா?

மட்டுறுத்துநர்:

தனிப்பட்ட சிகிச்சை ஆலோசனை இங்கே வேண்டாம், பொதுவாகப் பேசலாம்.

தமனி_மதுரை:

பொதுவாகச் சொல்கிறேன் சார், அம்மாவுக்கு எது சரி என்பதை அவரைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல முடியும். 1966இல் நியூயார்க்கில் பிரெஷியாவும் சிமினோவும் அறிமுகப்படுத்திய முறை இது. தமனியையும் சிரையையும் தைத்து இணைத்துவிட்டால், வேகமான ரத்தம் சிரைக்குள் பாயும். சிரை அதை உணர்ந்து விரிந்து, சுவர் தடித்து, ஊசி தாங்கும் அளவுக்கு வரும். ஆறு வாரத்தில் 6 மி.மீ. அகலம், நிமிடத்துக்கு 600 மில்லி ஓட்டம், தோலுக்குக் கீழே 6 மி.மீட்டருக்குள் ஆழம் என்று ஒரு கணக்கு வைத்துப் பார்ப்போம். பலருக்கு வருவதில்லை. தையலை ஒட்டிய இடத்திலேயே சுருங்கிவிடுகிறது. எந்தக் கோணத்தில் தைத்தால் யாருக்குச் சுருங்காது என்று எங்களிடம் உறுதியான பதில் இல்லை.

குழாய்க்கணக்கு தம்பி, திட்டு வளர இருபது முப்பது வருடம் ஆகும். ஃபிஸ்டுலா ஆறு வாரத்தில் மாறுகிறது. ஓட்டம் மாறுவதையும் சுவர் மாறுவதையும் ஒரே ஆளிடம் வாரா வாரம் ஸ்கேனில் பார்க்கலாம். பிஎச்.டி.க்கு இதைவிட நல்ல குழாய் கிடைக்காது.

குழாய்க்கணக்கு:

டாக்டர், இதை நினைக்கவே இல்லை. கிளை சேரும் இடத்தில் ஓட்டம் கலங்கும், அது எனக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி.

செல்வி அக்கா, ஒரு தொழில்நுட்பக் கேள்வி. உங்கள் தட்டு ஃப்ளோ சேம்பரில் (இரண்டு தட்டுக்கு நடுவே செல்களின்மேல் திரவம் ஓடும் பெட்டி) ஷியர் எவ்வளவு என்று எப்படி உறுதி செய்கிறீர்கள்?

செல்வி_எண்டோ:

கம்பெனிக்காரர் கொடுத்த அட்டவணையைப் பார்த்துப் பம்பு வேகம் வைப்போம் 🙂

குழாய்க்கணக்கு:

அங்கேதான் கேட்கிறேன். இரண்டு தட்டுக்கு நடுவே ஷியர், இடைவெளியின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். தட்டுகளுக்கு நடுவே இருக்கும் ரப்பர் கேஸ்கெட்டை ஸ்க்ரூ இறுக்கும்போது இடைவெளி 10 சதவீதம் குறைந்தாலே ஷியர் 20 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். ஒரே சோதனையை இரண்டு மாணவர்கள் செய்தால் இரண்டு இறுக்கம். ஊட்டத் திரவத்தின் பாகுநிலையும் ரத்தத்தை விடக் குறைவு, தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கும். அதைக் கணக்கில் எடுத்தீர்களா?

செல்வி_எண்டோ:

பாகுநிலைக்கு டெக்ஸ்ட்ரான் என்ற கெட்டிப்படுத்தும் பொருளைக் கலப்போம். கேஸ்கெட் இறுக்கத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை. எங்கள் லேபில் ஒரே அளவு வைத்தும் ஆளுக்கு ஆள் முடிவு மாறுவது உண்டு, செல் பழசு, சீரம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். திங்கட்கிழமை அளந்து பார்க்கச் சொல்கிறேன். குமிழ் பிரச்சினைக்கும் ஏதாவது வழி சொல்லுங்கள். ட்யூபில் ஒரு காற்றுக் குமிழ் வந்தால் ராத்திரி முழுக்க ஓட்டிய செல் அடுக்கு மொத்தமாக உரிந்துவிடுகிறது.

குழாய்க்கணக்கு:

சேம்பருக்கு முன்னால் குமிழ்ப் பொறி ஒன்று, சேம்பரை லேசாகச் சாய்த்து வெளிவாய் மேலே இருக்கும்படி வையுங்கள். மோட்டாரைச் செல் வளர்க்கும் இன்குபேட்டருக்கு வெளியே வைத்து ட்யூபை மட்டும் உள்ளே விடுங்கள், 37 டிகிரி ஈரத்தில் சாதாரண மோட்டார் நீண்டநாள் தாங்காது. படம் வரைந்து தனிமடலில் அனுப்புகிறேன்.

நேர்வழி:

ஆரம்பித்துவிட்டது, சிரிஞ்ச் பம்பு ரிப்பேர் 😀

குழாய்க்கணக்கு:

ரிப்பேர்தான் அண்ணே. ஆனால் அந்த 20 சதவீத மாற்றம் கேஸ்கெட்டாலா செல்லாலா என்று தெரியாமல் எந்த ஜீனைப் பற்றிப் பேசுவது?

பேராசிரியருக்கு மெயில் எழுதிவிட்டேன். மூன்று விஷயம் கேட்டேன்: சோதனையில் ஓட்டும் அலை எங்கிருந்து வருகிறது, வெட்டு எந்த மட்டத்தில் என்று முடிவு செய்யும் கூட்டத்தில் நான் இருப்பேனா, ஃபிஸ்டுலா நோயாளிகளைப் பார்க்கும் சர்ஜன் ஒருவரை இணை வழிகாட்டியாக வைக்கலாமா. டாக்டர், கடைசிக் கேள்விக்கு நெறிமுறைக் குழு அனுமதி எவ்வளவு நாள் பிடிக்கும்?

தமனி_மதுரை:

ஸ்கேன் மட்டும் என்றால் மாதக்கணக்கு, திசு எடுப்பது என்றால் அதற்கு மேலும். விண்ணப்பத்தை நீங்கள் சேர்ந்த பிறகு எழுதலாம் என்று விடாதீர்கள், இப்போதே வரைவு எழுதச் சொல்லுங்கள். ஃபிஸ்டுலா மறுபடி போடும்போது வெட்டி எடுக்கும் சுருங்கிய துண்டை எப்படியும் தூக்கித்தான் போடுகிறோம். அதைப் பாதுகாத்து வைக்க அனுமதி கேளுங்கள், கூடவே அதே இடத்தின் பழைய ஸ்கேனையும் கேளுங்கள். பேராசிரியர் என்ன சொன்னார் என்று இங்கே போடுங்கள்.